நூற்று நாற்பத்தொன்றாம் வரிசை எண்

சதாசிவம் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். 1987 ஜூனில் செங்கல்பட்டு நகராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். 2021 மே 31ஆம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்குக் கடைசியாகப் பேனாவை மூடினார். இடையில் வேறு பிரிவுக்கு மாற்றினாலும் ஆறு மாதத்துக்குள் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். செங்கல்பட்டில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கும் பழைய சான்றிதழில் உள்ள உருண்டை எழுத்தாகத்தான் தெரியும்.

ஊர் அவரை நிதானமானவர் என்றது. அவர் மனைவி பார்வதத்துக்கு மட்டும் உண்மை தெரியும். மனிதர் பயந்தாங்கொள்ளி. ஒரு எழுத்துப் பிசகினால் ஒருவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது, ஒருத்திக்குக் குடும்ப ஓய்வூதியம் வராது என்று சாப்பிடும்போதுகூட நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பயத்துக்குத்தான் வெளியே நிதானம் என்று பெயர் வந்தது.

2005 ஜனவரியில் பதினோரு நாள் அவரைக் கடலோரத்துக்கு அயல்பணியில் அனுப்பினார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூட அறை, ஒரு மேசை, புதுப் பதிவேடு. சுனாமியில் போனவர்களின் வீட்டார் வரிசையில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். இறந்த தேதி என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே தேதி. பதிவு செய்த தேதிதான் மாறிக்கொண்டே போனது. கடல் அந்த அறையிலிருந்து நூறடி தூரம்கூட இல்லை. பதினோரு நாளில் ஒரு தடவைகூட அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகும் கடற்கரைக்குப் போனதில்லை.

அவருக்கு ஒரே மகள், ஹரிப்ரியா. வயது இருபத்தாறு. கேளம்பாக்கத்தில் ஜெயப்பிரியா என்ற தோழியோடு ஒரு ஃபிளாட்டில் தங்கி, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. 2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை, ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து கடற்கரைக்குப் போனார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் இருவரும் நின்றிருந்தார்கள். வந்த அலை ஜெயப்பிரியாவை இழுத்துக்கொண்டு போயிற்று. மறுநாள் காலையில்தான் கிடைத்தாள்.

ஹரிப்ரியா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துப் போகும், பல் கிட்டிக்கொள்ளும். பார்வதம் குழாயில் ஒரு துண்டைக் கட்டி, அதன் மறு நுனியைப் பக்கெட்டுக்குள் விட்டுவைத்தாள். தண்ணீர் துணி வழியே சத்தமில்லாமல் இறங்கும். டாக்டரிடம் போகும்போது கொளவாய் ஏரி கண்ணில் படாத தெருவாகப் பார்த்து ஆட்டோ போகும். டாக்டர் மாத்திரை எழுதினார். அவசரப்படுத்த வேண்டாம், அவளாக ஏதாவது கேட்டால் மட்டும் செய்யுங்கள் என்றார்.

அவள் கேட்க நாலு மாதம் ஆயிற்று. ஜூன் 8ஆம் தேதி மாலை ஆறே காலுக்கு அறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, ஒரு ரயில் கதை இருக்கு. ஜப்பான்காரங்க எடுத்தது. முதல்லேர்ந்து பார்க்கலாமா?”

பார்க்கலாம் என்றார் சதாசிவம். அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

“நிறைய இருக்குப்பா. எதுக்கு அப்புறம் எதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வரிசை நீ போடு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

‘பனிக்காட்டு ரயில்’ என்று அந்த அனிமேவுக்கு, அதாவது ஜப்பானியக் கார்ட்டூனுக்கு, பெயர். மலைமேல், பனிக்குள், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு ரயிலும் அதன் நிலையங்களும்தான் கதை. 1994இல் தொடங்கி முப்பது வருஷமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நாலு தொடர், நாலு படம், சிறப்பு அத்தியாயம் ஆறு. இதையெல்லாம் அவருக்குச் சொன்னது பார்வதத்தின் தம்பி பாலசுப்ரமணியன். சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்துகொண்டு பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். நாற்பத்தாறு வயதிலும் கார்ட்டூன் பார்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிற ஆள். அவனும் இந்தக் கதையில் இரண்டாம் தொடரைத் தாண்டியதில்லை. ஆனால் சண்டை முழுவதும் அவனுக்கு மனப்பாடம்.

“இதுல ரெண்டு கட்சி கீது மச்சான்,” என்றான் போனில். “ஒரு கட்சி, கதை நடந்த வரிசையில பாருங்கிறான். இன்னொரு கட்சி, படம் வெளிவந்த வரிசையில பாருங்கிறான். ராத்திரி பகலா அடிச்சிகினு கீறானுங்க. நீ நடந்த வரிசையே போட்டுக்க. குழப்பம் வராது.”

அந்த வரிசையை எங்கிருந்தோ எடுத்து அனுப்பியும் வைத்தான். அதில் முதலில் இருந்தது ‘முதல் ஓட்டம்’ என்ற படம். 2007இல் எடுத்தது, ஆனால் கதையில் எல்லாவற்றுக்கும் அறுபது வருஷம் முந்தி நடப்பது.

சதாசிவம் அன்று இரவு முழுக்க யோசித்தார். மைத்துனன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவர் கை பழகிய முறை வேறு. பதிவேட்டில் வரிசை எண் என்பது பதிவான வரிசைக்கு. பாட்டன் போன வருஷமே இறந்திருக்கலாம். பேரன் இந்த வருஷம் வந்து எழுதினால் இந்த வருஷத்து எண்தான். நடந்த தேதிக்குத் தனி இடம் இருக்கிறது, அங்கே எழுதிக்கொள்ளலாம். அதற்காக முன்பக்கத்தைப் பிரித்து நடுவில் செருக முடியாது. உலகத்துக்குத் தெரியவந்த வரிசையே வரிசை என்று முடிவு செய்தார்.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, இருநூறு பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டார். வரிசை எண், வெளிவந்த தேதி, கதை நடக்கும் காலம், தலைப்பு, பார்த்த தேதி. கடைசியில் குறிப்புக்கு ஓரம். ஒன்று முதல் நூற்றுத் தொண்ணூற்றேழு வரை எழுதி முடிக்க இரவுச் சாப்பாடு ஆகிவிட்டது. ‘முதல் ஓட்டம்’ நூற்று நாற்பத்தொன்றாம் எண்ணில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் மாலை ஆறரைக்குத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம். மகள் சோபாவின் ஓரத்தில், காலை மடக்கிக்கொண்டு. பார்வதம் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். அவளுக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க வராது. சதாசிவம் படித்துச் சொல்வார். மலையின் கடைசி நிலையத்தில் ஹனாயே என்று ஒரு கிழவி இருந்தாள். அவள்தான் நிலைய அதிகாரி. மலையை விட்டு இறங்கவே மாட்டாள். ஏன் என்று கேட்டால் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள்.

பத்தாம் நாள் ஹரிப்ரியா ஹாலிலேயே இரண்டு தோசை சாப்பிட்டாள். முப்பதாம் நாள் ஹனாயேவைப் பார்த்து, “அம்மா மாதிரியே இருக்கா, கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்கிறா,” என்றாள். பார்வதம் எழுந்து சமையல்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மகள் தேறத் தேறச் சதாசிவத்துக்குப் பயம் அதிகமாயிற்று. கீழே கிடப்பவனுக்கு விழுகிற பயம் இல்லை, எழுந்து நடக்கிறவனுக்குத்தானே. அடுத்த அத்தியாயத்தில் என்ன வருமோ, ஏரியோ ஆறோ வந்துவிட்டால் என்ன செய்வது என்று மத்தியானமெல்லாம் நெஞ்சு படபடத்தது. பாலசுப்ரமணியனிடம் சொல்லி ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கம் வாங்கி, அவள் மாத்திரை போட்டுத் தூங்கும் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் படித்துவைத்தார். பனி, பாலம், சுரங்கப் பாதை. தண்ணீர் எங்கும் உறைந்தே இருந்தது. 

ஜூலை 19, வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று பத்துக்கு நூற்று நாற்பத்தொன்றுக்கு வந்தார்.

அந்த ரயில் முதலில் மலையில் ஓடவில்லை. கடலோரக் கிராமத்தில் ஓடியது. ஒரு காலையில் கடல் பின்வாங்கிற்று, பிறகு வந்தது. ஹனாயே அப்போது சிறுமி. அவள் அக்காவை அலை கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் தண்டவாளத்தை மலைமேல் போட்டார்கள். அறுபத்தோராம் நிமிஷத்திலிருந்து அறுபத்து மூன்றாம் நிமிஷம் வரை அந்தக் காட்சி, மனம் இளகியவர்கள் தவிர்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

மைத்துனன் பேச்சைக் கேட்டிருந்தால் ஜூன் 10ஆம் தேதி, முதல் மாலையே, எதுவும் தெரியாமல் இதைத்தான் போட்டிருப்பார். நடக்காமல் போனதை நினைத்து அரை மணி நேரம் ஹாலில் நடந்தார். நடக்கப் போவதை நினைக்கத் துணிவில்லை.

அந்தப் படம் வேண்டாம் என்று அன்றே முடிவாகிவிட்டது. டிவியில் படங்களெல்லாம் தனியாக ஒரு பக்கத்தில் இருந்தன. நூற்று நாற்பதிலிருந்து நூற்று நாற்பத்திரண்டுக்குத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. மிஞ்சியது நோட்டுதான். தாளைக் கிழித்தால் பின்பக்கத் தாளும் கழன்றுவிடும். வெள்ளை மையோ, அவர் கைபட்ட பதிவேடு எதிலும் ஏறியதில்லை. எழுதியதை நீக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். மூல எழுத்து படிக்கத் தெரியும்படி சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. ஓரத்தில் காரணம், சுருக்கொப்பம், தேதி. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். எழுதினார்: “நீக்கம். காரணம்: கடல். ச. 19-7-2024.” பிறகு நோட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்தார்.

ஒளிக்க வேண்டிய ஒன்றை யாரும் படிக்கும்படி எழுதிவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பார்வதத்திடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த சுருக்கங்களையும் படிப்பதை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை காலை, உழவர் சந்தைக்குப் போய்விட்டு ஒன்பதரைக்குத் திரும்பினார். அவளுக்கு முடியாமல் விட்டுப்போன பத்து நாள் போக, நூற்று இருபத்தொன்பது வரை முடிந்திருந்தது. பார்வதம் தலையணை உறைகளைத் துவைக்கக் கழற்றியிருந்தாள். ஹரிப்ரியா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு விரிந்து கிடந்தது. சதாசிவம் பையைக் கீழே வைக்க மறந்து வாசலிலேயே நின்றார்.

“எப்போ அடிச்சே?”

“தேதி போட்டிருக்கேனே,” என்றார்.

“அந்தப் படத்தைப் பார்த்தியா?”

பார்க்கவில்லை என்றார். சுருக்கம் மட்டும் படித்ததாகச் சொன்னார்.

“பார்க்காமலே அடிச்சியாப்பா?”

முப்பத்து நான்கு வருஷத்தில் எந்த மேலதிகாரியும் அவரை அப்படிக் கேட்டதில்லை. பார்வதம் ஈரக் கையோடு வந்து நின்று, என்ன, என்ன என்றாள். விஷயம் புரிந்ததும் கணவன் பக்கமே பேசினாள். அப்பா நல்லதுக்குத்தானே செய்தார், அந்தக் கண்றாவி எதற்கு என்றாள்.

ஹரிப்ரியா தாயைப் பார்க்கவில்லை. விரலை அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் வைத்திருந்தாள்.

“எனக்குத் தெரியும்பா, அதுல என்ன வருதுன்னு. ஜெயா எல்லாத்தையும் பார்த்தவ. எனக்குக் கதையைச் சொல்லி அழுதிருக்கா.” நோட்டை முதல் பக்கத்துக்குப் புரட்டினாள். “முதல்ல வந்துட்டா என்னால முடியாது. நீ உன் பதிவேடு மாதிரி வெளிவந்த வரிசையில, நடுவுல எங்கயோதான் போடுவேன்னு தெரியும். நீ எழுதின மறுநாளே நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூத்தி நாப்பத்தொண்ணு. அன்னிலேர்ந்து எண்ணிக்கினு வரேன். இன்னிக்கு இவ்ளோ, நாளைக்கு இவ்ளோ, அதுக்குள்ள தயாராயிடணும்னு. இப்போ அதையே அடிச்சுட்டா நான் எதுக்கு எண்ணினேன்?”

சதாசிவம் பையைக் கீழே வைத்தார். அவர் எழுபத்தாறு நாளாக அவளைக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அதே சோபாவின் ஓரத்தில் அதே படத்தை நோக்கி, நாளுக்கு இரண்டு படியாக நடந்து வந்திருக்கிறாள்.

டாக்டரிடம் போனில் கேட்டார்கள். அவளே கேட்கிறாளா என்றார் டாக்டர். ஆமாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள் என்றார். நீக்கத்தை நீக்க வேண்டியிருந்தது. சதாசிவம் ஓரத்தில், “மேற்படி நீக்கம் ரத்து. 24-8-2024” என்று எழுதினார். பேனா இரண்டு இடத்தில் இழுபட்டது.

அடுத்த ஐந்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. 132, 133. 134, 135. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் மெலிந்துதான் போனாள். 28ஆம் தேதி அதிகாலை வாந்தி எடுத்தாள். வேண்டாமே கண்ணு என்று பார்வதம் கெஞ்சினாள். வேணும்மா என்றாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. ஆறரைக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். பார்வதம் திருநீறு இட்டுவிட்டு மகளின் இடப்பக்கம் இருந்தாள், சதாசிவம் வலப்பக்கம். எந்த நிமிஷம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டார். படத்தில் வெயில் அடித்தது, நண்டு ஓடியது, இரண்டு பெண் குழந்தைகள் தண்டவாளத்தின்மேல் கை விரித்து நடந்தார்கள். எண்பது நாளாகக் கிழவியாகவே பார்த்த ஹனாயே சிரித்தபோது அவருக்கே அடையாளம் தெரிந்தது.

“இன்னும் மூணு நிமிஷம்,” என்றார். பிறகு, “ரெண்டு.” பிறகு, “இப்போ.”

இசை நின்றது. சதாசிவம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணுக்குள் பள்ளிக்கூட அறை வந்தது. மேசைக்கு முன்னால் நின்ற ஒரு மனிதன் மூன்று பெயரைச் சொல்லிவிட்டு, நாலாவது பெயரை மறந்துபோய், பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தான். தான் தலைகுனிந்து தேதியை எழுதியது நினைவுக்கு வந்தது. அன்று நூறடிக்குள் கேட்ட கடல் சத்தம் இப்போது ஹாலுக்குள்ளேயே கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“அப்பா.”

கண்ணைத் திறந்தார். திரையில் படம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹரிப்ரியாவின் முகமெல்லாம் வேர்வை. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ பார்த்தியா?”

அவருக்குப் பொய் எழுதவும் வராது, சொல்லவும் வராது. இல்லை என்று தலையாட்டினார்.

அவள் ரிமோட்டை எடுத்தாள். விரல் தவறியதில் படம் ஆரம்பத்துக்கே போய்விட்டது. திட்டிக்கொண்டே மறுபடி முன்னால் ஓட்டினாள். போதும்டீ, ஒரு தடவை பார்த்தது போதும் என்று பார்வதம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அப்பா பார்க்கலைம்மா,” என்றாள் ஹரிப்ரியா. பிறகு அவர் பக்கம் சாய்ந்து, “கண்ணை மூடாதே. நான் இருக்கேன்,” என்றாள்.

அறுபத்தோராம் நிமிஷம் மறுபடி வந்தது. கடல் பின்னால் போயிற்று. சேற்றில் படகுகள் சாய்ந்து கிடந்தன, மீன் துள்ளியது, பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். அக்கா அவர்களைக் கூப்பிடப் போனாள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது உயரமாகக்கூடத் தெரியவில்லை. சதாசிவம் பார்த்தார். இமை கொட்டாமல், ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி.

மிச்சப் படத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எட்டரைக்கு ஹரிப்ரியா எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் அவள் வெளியே வரவில்லை. காய்ச்சல் அடித்தது. நூற்றொன்று, பிறகு நூற்றிரண்டு. ஞாயிற்றுக்கிழமையும் படுத்தே கிடந்தாள். கேட்டதற்கு உம் என்பதோடு சரி. பார்வதம் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதத்தில் ஏறியதை ஒரு மாலையில் இறக்கிவிட்டோம் என்று சதாசிவம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். பாலசுப்ரமணியன் அடுத்த தொடரின் சுருக்கங்களில் விட்டுப்போயிருந்த நூற்று நாற்பத்திரண்டு முதலானவற்றை அனுப்பி, படித்தாயா மச்சான் என்று இரண்டு தடவை கேட்டான். அவர் திறக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கட்கிழமை, மாலை ஆறு இருபத்தைந்துக்கு அறைக் கதவு திறந்தது. ஹரிப்ரியா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. சோபாவின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். இன்றைக்கு வேண்டுமா என்று கேட்க வாயெடுத்துப் பார்வதம் நிறுத்திக்கொண்டாள்.

“அடுத்தது நூத்தி நாப்பத்திரண்டுதானே?”

ஆமாம் என்றார் சதாசிவம்.

“அதுல என்ன வருது?”

“தெரியாதும்மா. நான் படிக்கலை.”

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். திரை வெளுத்து, பனி விழத் தொடங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.